மருத்துவக் கல்லூரியில் மனநல கிளப்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நண்பர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு மனநல கிளப் தொடங்கினேன். இன்று மனநல மருத்துவராக வேலை பார்க்கிறேன், இப்போதும் ஒரு மாணவர் கிளப்புக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மனநல கிளப்பில் என்னதான் செய்வீர்கள்?

மாதத்துக்கு இரண்டு முறை, வகுப்பு முடிந்த பிறகு ஒன்றரை மணி நேரம் கூடுவோம். ஒரு முறை மனநோயிலிருந்து மீண்டு வந்த ஒருவர் பேசுவார். அடுத்த முறை நோயாளியிடம் பேசிப் பழகுவோம், மாணவர்களில் ஒருவரே நோயாளியாக நடிப்பார். இடையில் ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் பிரித்து மேய்வோம். திட்டம் போடுவது, ஆளை அழைப்பது, நாற்காலி எடுத்துப் போடுவது எல்லாமே மாணவர்கள். துறையிலிருந்து ஓர் ஆசிரியர் கூடவே இருப்பார், ஆனால் மைக் அவர் கையில் இருக்காது.

பாடத்திட்டத்திலேயே சைக்கியாட்ரி (மனநல மருத்துவம்) இருக்கிறதே, தனியாக ஒரு கிளப் எதற்கு?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சைக்கியாட்ரி போஸ்டிங், அதாவது அந்தத் துறையின் வார்டில் போய்ப் பெறும் பயிற்சி, பெரும்பாலான இடங்களில் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களில் நீங்கள் யாரைப் பார்க்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வார்டில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றியவர்களை, அதுவும் அவர்கள் வாழ்க்கையின் மிக மோசமான நாட்களில் பார்க்கிறீர்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கி, தூக்கம் திரும்பி, வீட்டுக்குப் போய், பழைய வேலையில் மறுபடி சேர்ந்து, அவர் தன் மகளின் பள்ளி விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டும்போது நீங்கள் எலும்பு முறிவு வார்டில் இருப்பீர்கள். மாரடைப்போடு வந்தவர் நடந்து வீட்டுக்குப் போவதை மாணவர் தன் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார். மனச்சிதைவோடு (ஸ்கிசோஃப்ரீனியா) வந்தவர் தேறிப் போவதைப் பார்க்கும் வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை. கடைசியில் 'சைக்கியாட்ரியில் யாரும் குணமாக மாட்டார்கள்' என்ற நினைப்போடு தேர்வு எழுதிவிட்டுப் போய்விடுகிறார்.

மாணவர்களுக்கு மட்டும் நேரும் பிழை இல்லை இது. 1984-இல் பட்ரிஷியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு 'மருத்துவரின் மாயை' என்று பெயரே வைத்தார்கள். நோய் நீண்டுகொண்டே போகிறவர் மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப வருகிறார், சீக்கிரம் தேறியவர் அந்தப் பக்கமே வருவதில்லை. அதனால் எந்த நாளில் எட்டிப் பார்த்தாலும் மருத்துவரின் எதிரில் இருப்பவர்களில் தேறாதவர்களே அதிகம், நோயின் போக்கே அப்படித்தான் என்று அவரும் நம்பத் தொடங்கிவிடுகிறார். இருபது வருடம் வேலை பார்த்தவருக்கே இந்த மயக்கம் வருமென்றால் சில வாரம் வந்துபோகும் மாணவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கிளப் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வார்டு காட்டாத பாதியை அது காட்ட முடியும். தேறியவர்களைக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைக்க முடியும்.

இன்னொன்றும் இருக்கிறது. போஸ்டிங் முடிந்த கையோடு மாணவர்களிடம் கேட்டால் சைக்கியாட்ரி மேல் மதிப்பு கூடியிருக்கும், மாதங்கள் போகப் போக அது மெல்ல இறங்கிவிடும் என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கிளப் முதலாண்டில் தொடங்கிக் கடைசி ஆண்டு வரை கூடவே வருவது, அதனால் சூடு ஆறாமல் இருக்கும். ஆனால் ஒன்று, போஸ்டிங்குக்குப் பதிலாகக் கிளப்பை வைத்துக்கொள்ள முடியாது. கேஸ் எடுப்பது (நோயாளியிடம் அவர் நோயின் கதையைக் கேட்டு எழுதுவது), மனநிலைப் பரிசோதனை செய்வது, மருந்து அளவு முடிவு செய்வது எல்லாம் வார்டில் நின்றுதான் கற்க வேண்டும்.

மாணவர்களே நடத்தினால் அதில் தரம் இருக்குமா?

எடின்பரோவில் சில மருத்துவ மாணவர்கள் தங்களுக்குள் கூடிக் கட்டுரை வாசித்து விவாதிக்கத் தொடங்கி, 1737-இல் அதை ஒரு சங்கமாகவே அமைத்தார்கள். ராயல் மெடிக்கல் சொசைட்டி என்ற அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது, இன்றும் மாணவர்கள்தான் நடத்துகிறார்கள். ஆய்வு இதழ்களைச் சேர்ந்து படித்து விவாதிப்பதை ஜர்னல் கிளப் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதை 1875-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம், தனியாக வாங்கக் கட்டுப்படியாகாத இதழ்களைப் பலர் சேர்ந்து வாங்கிப் படிக்கலாம் என்பது. வகுப்புக்கு வெளியே சேர்ந்து படிப்பது மருத்துவத்தில் புதுப் பழக்கம் கிடையாது.

தவறான தகவல் பரவுமோ என்ற பயம் நியாயமானது. நாங்கள் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: யார் பேசினாலும் மூன்று நாள் முன்னதாக வழிகாட்டி ஆசிரியரிடம் குறிப்பைக் காட்டிவிட வேண்டும். அவர் திருத்துவார், ஆனால் தலைப்பை மாற்றமாட்டார்.

நான் சர்ஜன் ஆகப்போகிறேன். எனக்கு இதில் என்ன வேலை?

உங்களுக்குத்தான் முதலில் இடம் போட்டு வைத்திருக்கிறேன், உண்மையாகவே சொல்கிறேன்.

கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள். தற்கொலைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான், ஆனால் பெரும்பகுதி இறப்புகள் இதயநோய், நீரிழிவு, நுரையீரல் நோய் போன்ற சாதாரண உடல் நோய்களால்தான். மருந்துகளால் ஏறும் எடை, புகைப்பழக்கம், வறுமை என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று நாம்தான், அதாவது கோப்பில் மனநோய் என்ற வார்த்தையைப் பார்த்தவுடன் உடம்பைப் பரிசோதிப்பதை நிறுத்திவிடும் மருத்துவர்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இரவு அவசரப் பிரிவுக்கு ஒருவர் நெஞ்சு எரிகிறது என்று வந்தார். கையில் வைத்திருந்த பழைய சீட்டில் மனச்சிதைவுக்கான மாத்திரைகளின் பெயர் இருந்தது. 'பதற்றமாகத்தான் இருக்கும், சைக்கியாட்ரிக்கு அனுப்பு' என்று ஒருவர் சொல்ல, அதையே என் பேனாவால் நான் எழுதினேன். அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைப் பார்த்த ஒரு மூத்த செவிலியர்தான் ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அதற்குள் நாற்பது நிமிடம் போயிருந்தது. மாரடைப்பு. அவர் பிழைத்துக்கொண்டார். சைக்கியாட்ரி பக்கம் போகப்போவதில்லை என்று சொல்லும் ஒவ்வொரு மாணவரிடமும் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு அந்த அறையில் மனநல மருத்துவர் ஒருவர்கூட இல்லை.

பொது மருத்துவர்களும் செவிலியர்களும் பயன்படுத்துவதற்கென்றே உலக சுகாதார நிறுவனம் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது, எம்.எச்.கேப் கையேடு என்பார்கள். 2010-இல் முதல் பதிப்பு, 2016-இல் இரண்டாவது. இலவசமாகவே கிடைக்கும். மனச்சோர்வு, வலிப்பு, மது, தற்கொலை என்று அதில் உள்ள ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரு கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் ஓராண்டுக்கான நிகழ்ச்சி நிரல் தயார்.

எந்த மாதிரி நிகழ்ச்சிக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறது?

மனநோயோடு வாழ்ந்து தேறியவரை நேரில் சந்திப்பது. இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. பாட்ரிக் கொரிகன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2012-இல் 14 நாடுகளைச் சேர்ந்த 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனநோய் பற்றிய தவறான எண்ணங்களை மாற்ற, பெரியவர்களிடம் பாடம் எடுப்பதைவிட நேரடிச் சந்திப்பே அதிகம் உதவியது, அதிலும் வீடியோவைவிட ஆள் எதிரில் இருப்பது மேல். வளரிளம் பருவத்தினரிடம் இது மாறி, பாடமே முன்னுக்கு நின்றது. மருத்துவ மாணவர் இந்த இரண்டு வயதுக்கும் நடுவில் கால் வைத்திருக்கிறார், ஆகவே இரண்டையும் கலந்தே செய்யுங்கள்.

எங்கள் கிளப்புக்கு இருதுருவக் கோளாறு (மனம் ஒரு சமயம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் இன்னொரு சமயம் ஆழ்ந்த சோர்வுக்கும் போகும் நோய்) உள்ள ஒருவர் வந்தார். கணக்காளர், ஐம்பதைத் தொடும் வயது. சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை எடுத்து முன்வரிசையில் கொடுத்தார், அது கைக்குக் கை மாறிப் போனது. ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது மட்டும் அதில் எழுதியிருந்தது. ஏழு, ஏழு, ஆறரை, ஏழு என்று பக்கம் பக்கமாக. ஓர் இடத்தில் ஐந்து, நாலு என்று இறங்கி, பக்கத்தில் சிவப்பு மையில் 'தங்கச்சிக்குப் போன்' என்று இருந்தது. தூக்கம் இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால் அவர் தன் தங்கையைக் கூப்பிடுவார், தங்கை மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுவார், அந்த ஏற்பாட்டில்தான் ஒன்பது வருடமாக வார்டில் சேராமல் இருக்கிறார். பித்துநிலை, அதாவது அந்த அளவுமீறிய உற்சாகம், வருவதற்கு முன் தூக்கத் தேவை குறையும் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. அன்று அந்த அறையில் இருந்தவர்கள் யாரும் அந்த வரியை மறக்கவில்லை, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டபோது ஒரு மாணவி நோட்டின் கதையையே பதிலாகச் சொன்னாள்.

அப்படி ஒருவரை எப்படி அழைப்பது?

சிகிச்சை தரும் மருத்துவர் தன்னிடம் வரும் நோயாளியை நேரடியாகக் கேட்கவே கூடாது. தன் மருத்துவர் கேட்டால் மனமில்லாவிட்டாலும் மறுக்க முடியாது. உங்கள் ஊரில் நோயாளிகளும் குடும்பத்தினரும் நடத்தும் ஆதரவுக் குழு இருந்தால் அங்கே போய் விளக்கிச் சொல்லுங்கள், விருப்பம் உள்ளவர் தானாக முன்வரட்டும்.

அப்புறம் தயார் செய்வது. முதல் முறை இதில் நான் கோட்டைவிட்டேன். பேசி முடித்தவரிடம் ஒரு மாணவர் கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து, 'நீங்கள் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னீர்களே, எப்படி முயன்றீர்கள்?' என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, கேஸ் எடுக்கும்போது கேட்கச் சொல்லித் தந்திருந்தார்கள், அதையே கேட்டார். தலைமை தாங்கிய நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன், பேசியவர் சிரித்துச் சமாளித்தார், ஆனால் தண்ணீர் டம்ளரை எடுத்த கை நடுங்கியதைப் பார்த்தேன். அன்றிலிருந்து கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதித்தான் வாங்குகிறோம், படித்துப் பார்த்துத் தலைமை தாங்குபவர் கேட்பார். எதைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்பதைப் பேச வருபவரிடம் முன்பே கேட்டுக்கொள்கிறோம். நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் காட்ட ஒரு சைகையும் வைத்துக்கொள்கிறோம், பேனாவைக் கிடையாக வைப்பார், நாங்கள் இடைவேளை விட்டுவிடுவோம். போன்கள் பையில், பதிவு கிடையாது. துணைக்கு ஒருவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவோடு, பேச்சாளருக்கு என்ன தருவீர்களோ அதையும் கொடுங்கள், அனுபவத்தைச் சொல்ல வந்தவர் என்பதற்காக இலவசமாக வாங்கிக்கொள்ளாதீர்கள். மறுநாள் ஒரு போன் செய்யுங்கள்.

ஹெட்போனில் குரல்களைக் கேட்க வைத்து 'மனச்சிதைவு அனுபவம்' தருகிறார்களே, அதைச் செய்யலாமா?

நான் செய்யமாட்டேன். இதுபற்றி வந்த ஆய்வுகளை 2011-இல் தொகுத்துப் பார்த்தபோது, கேட்டவர்களுக்கு இரக்கம் கூடியது, கூடவே அப்படிப்பட்டவரிடமிருந்து விலகி இருக்க வேண்டும் என்ற எண்ணமும் கூடியது. பயந்துபோய் வெளியே வருகிறவர் நோயாளிக்கு அருகில் போகமாட்டார்.

நோயாளியிடம் பேசிப் பழகுவது என்கிறீர்களே, அது எப்படி?

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் மருத்துவர், ஒருவர் நோயாளி, ஒருவர் பார்வையாளர். எட்டு நிமிடம் பேச்சு, நான்கு நிமிடம் கருத்து, பிறகு இடம் மாறுங்கள். நோயாளியாக நடிப்பவர் தன் சொந்தக் கதையைக் கொண்டுவரக் கூடாது, கையில் கொடுத்த அட்டையில் இருப்பதை மட்டும் நடிக்க வேண்டும். இந்த விதியைத் தளர்த்தாதீர்கள், நடிப்பு எந்த நிமிடத்தில் நிஜமாக மாறும் என்று சொல்ல முடியாது.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கும் பயிற்சியை ஆண்டுக்கு இரண்டு முறையாவது வையுங்கள். முதல் தடவை கேட்கும் யாருக்கும் அந்த வார்த்தை வாயில் வராது. 'அந்த மாதிரி... ஏதாவது தப்பா... தோணுச்சா?' என்று ஒருவர் குரலைத் தாழ்த்தி, மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். எதிரில் இருந்தவர் 'இல்லை' என்றார். பிறகு அவரே சொன்னார், அட்டையில் 'ஆம்' என்று எழுதியிருந்ததாம், கேட்ட விதத்தைப் பார்த்ததும் ஆம் என்று சொல்லத் தோன்றவில்லையாம். நடிப்பிலேயே அப்படியென்றால் நிஜ நோயாளிக்கு எப்படி இருக்கும்? இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'இவ்வளவு கஷ்டத்தில் சிலருக்கு உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றும். உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா?' அடுத்து, நேராக: 'தற்கொலை செய்துகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறீர்களா?' கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள். கேட்பதாலேயே அந்த எண்ணம் புதிதாக முளைக்கும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை, ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கின்றன.

பேலின்ட் குழு என்று ஒரு சீனியர் சொன்னார். அது என்ன?

மைக்கேல் பேலின்ட் என்ற மனப்பகுப்பாய்வாளர் 1950-களில் லண்டனில் பொது மருத்துவர்களை வாரம் ஒரு முறை உட்கார வைத்துத் தொடங்கிய முறை. ஒருவர் தன்னைத் தொந்தரவு செய்த ஒரு நோயாளியைப் பற்றிக் குறிப்பு எதுவும் பார்க்காமல் நினைவிலிருந்து சொல்வார். பெயர், ஊர் எதுவும் வரக்கூடாது. மற்றவர்கள் சந்தேகம் கேட்டு முடித்ததும் சொன்னவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பேசாமல் கேட்பார். அந்த நோயாளி என்ன உணர்ந்திருப்பார், மருத்துவர் என்ன உணர்ந்திருப்பார் என்று குழு பேசும். 'நீ ஏன் இப்படிச் செய்தாய்' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. எட்டுப் பத்துப் பேர் போதும், நடத்தப் பயிற்சி பெற்ற ஒருவர் கட்டாயம் வேண்டும். அப்படி யாரும் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், அரைகுறையாகச் செய்ய வேண்டாம்.

பிரபலங்களின் மனநிலையை வைத்து விவாதம் நடத்தலாமா? கூட்டம் நன்றாக வரும்.

வரும். நடத்தாதீர்கள். 1964-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற பேரி கோல்ட்வாட்டரின் மனநிலை பற்றி ஒரு பத்திரிகை மனநல மருத்துவர்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்டது, அவரைப் பரிசோதிக்காதவர்களே நோயின் பெயர்களை வாரி இறைத்தார்கள். அவர் வழக்குத் தொடுத்து வென்றார். நேரில் பார்க்காதவரைப் பற்றி நோய் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் விதி கொண்டுவந்தது. சினிமாவில் வரும் பாத்திரத்தைப் பற்றிப் பேசலாம், நடிகரைப் பற்றி வேண்டாம். பக்கத்து பெஞ்சில் உட்காரும் நண்பரைப் பற்றியும் வேண்டாம்.

படிக்கப் படிக்க எல்லா நோயும் எனக்கே இருப்பதாகத் தோன்றுகிறதே?

மருத்துவம் படிக்கும் நிறையப் பேருக்கு இது நடக்கும். இதயத்தைப் படிக்கும்போது படபடப்பு வரும், சைக்கியாட்ரி படிக்கும்போது தன் சோகத்துக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது போல இருக்கும். கிளப்பில் சிரித்துக்கொண்டே பேசினால் பாதிப் பேருக்கு லேசாகிவிடும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் படிப்பும் கெட்டிருந்தால் அதைப் படிப்பின் பக்க விளைவு என்று தள்ளிவிடாதீர்கள், போய்க் காட்டுங்கள்.

கிளப்பிலேயே மாணவர்களுக்குக் கவுன்சலிங் கொடுக்கலாமா?

கூடாது. கல்வி வேறு, சிகிச்சை வேறு, நீங்கள் இன்னும் பயிற்சியில் இருப்பவர்கள், உங்கள் நண்பனுக்கு நீங்கள் நண்பன் மட்டுமே.

ஆனால் தேவை எவ்வளவு பெரியது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2016-இல் வெளியான ஒரு தொகுப்பில், மருத்துவ மாணவர்களில் ஏறக்குறைய 27 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. 11 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களில் உதவி தேடிப் போனவர்கள் ஆறில் ஒருவர்கூட இல்லை. அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எனவே ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் எங்கே போகலாம், யாரைக் கூப்பிடலாம், ரகசியம் காக்கப்படுமா, மதிப்பெண் போடும் ஆசிரியருக்குத் தெரியவருமா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் மாணவர்களுக்கு முக்கியம். கல்லூரியில் அதற்கு நல்ல பதில் இல்லாவிட்டால், வெளியே பார்க்கக்கூடிய ஒருவரை ஏற்பாடு செய்து தரச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பதே உங்கள் கிளப்பின் முதல் வேலையாக இருக்கட்டும்.

துறையில் அனுமதி கேட்டால் 'தேர்வுக்குப் படியுங்கள்' என்கிறார்கள்.

பெரிய திட்டத்தோடு போகாதீர்கள். ஒரே ஒரு கூட்டத்துக்கு, ஒரு தேதிக்கு, ஓர் அறைக்கு மட்டும் கேளுங்கள். துறைத் தலைவரைவிட, புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள் சீக்கிரம் சம்மதிப்பார்கள். கூட்டம் முடிந்த மறுநாள் ஒரு பக்க அறிக்கையைத் துறைத் தலைவர் மேசையில் வையுங்கள். இரண்டாவது கூட்டத்துக்கு அனுமதி எளிதாகக் கிடைக்கும்.

முதல் கூட்டத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள், மூன்றாவதுக்கு ஆறு பேர்தான்.

சரி, அந்த ஆறு பேரோடு நடத்துங்கள். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது, என்னோடு அன்று இருந்தவர்களில் ஒருவர் இன்று குழந்தைகள் மனநல மருத்துவர், இன்னொருவர் மகப்பேறு மருத்துவர், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைத் தன் ஓ.பி.யில் தானே கேட்டுக் கண்டுபிடிக்கிறார். தேர்வு மாதத்தில் கூட்டம் வைக்காதீர்கள். வருகைப்பதிவும் சான்றிதழும் வேண்டாம், சான்றிதழுக்காக வருகிறவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், பேச வந்தவருக்கு அது தெரியும்.

பலன் இருக்கிறதா என்று எப்படி அளப்பது?

ஏ.டி.பி-30 என்று ஒரு வினாப்பட்டியல் 1982 முதல் இருக்கிறது, சைக்கியாட்ரி பற்றி மாணவர்களின் மனப்போக்கை 30 வாக்கியங்களால் அளப்பது. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை கொடுங்கள், கிளப்புக்கு வராதவர்களிடமும் கொடுங்கள். ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்தான் கிளப்புக்கு வருகிறார் என்பதை மறந்துவிட்டு, மதிப்பெண் உயர்ந்தது எங்களால்தான் என்று எழுதிவிடாதீர்கள். கிளப் பற்றி வரும் பல அறிக்கைகளில் இந்த ஓட்டை இருக்கிறது.

கிளப்பால் மனநல மருத்துவர்கள் எண்ணிக்கை கூடுமா?

பிரிட்டனில் சைக்கியாட்ரி பயிற்சி இடங்கள் காலியாகவே கிடந்தபோது மனநல மருத்துவர்களின் ராயல் கல்லூரி (அங்குள்ள மனநல மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பு) 2017-இல், சைக்கியாட்ரியைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. அங்கே பல மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் மனநலச் சங்கங்கள் உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் இடங்கள் பெருமளவு நிரம்பின. அதில் கிளப்புகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் இத்தகைய மாணவர் குழுக்கள் சைக்சைன் என்ற வலையமைப்பாகவே இணைந்திருக்கின்றன. ஆனால் ஆள் சேர்ப்பதை மட்டும் குறிக்கோளாக வைத்தால் சர்ஜன் ஆகப்போகிறவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார், எனக்கு அவரும் வேண்டும்.

அடுத்த பேட்ச் தொடர்ந்து நடத்துமா?

பொறுப்பாளர்களில் ஒருவராவது உங்களைவிட இரண்டு ஆண்டு ஜூனியராக இருக்கட்டும். பேச வந்தவர்கள் விவரம், அனுமதிக் கடித மாதிரி, நடிப்பு அட்டைகள், செய்த தவறுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். எங்கள் கோப்பில் முதல் பக்கத்தில் அந்தத் துண்டுச்சீட்டு விதிதான் இருக்கிறது.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒருவர் கிளம்பாமல் நிற்கிறார். என்ன செய்வது?

இது நடக்கும், தற்கொலை பற்றிப் பேசிய நாளில் கட்டாயம் நடக்கும். நாற்காலி அடுக்க உதவுவது போல நிற்பார், பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுவார், தேர்வு பற்றி ஏதாவது கேட்பார். நீங்களும் அவசரமாகக் கிளம்பாதீர்கள். அதனால்தான் ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் பொறுப்பாளர்களில் இருவர் அரைமணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

பக்கத்தில் உட்கார்ந்து, 'இன்றைக்குக் கேட்டது கஷ்டமாக இருந்ததா?' என்று ஆரம்பியுங்கள். அவர் பேசினால் கேளுங்கள், நோயின் பெயர் சொல்லாதீர்கள், உங்கள் கதையைத் தொடங்காதீர்கள். சாக வேண்டும் போல இருக்கிறதா என்று நேராகவே கேட்டுவிடுங்கள், பயிற்சி செய்தது இதற்காகவும்தான். 'யாரிடமும் சொல்லாதே' என்றால், சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், 'உன்னைக் கேட்காமல் வம்பு பேசமாட்டேன், ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் ஒருவரிடம் சொல்லியே ஆவேன்' என்று சொல்லுங்கள். ஆம் என்று சொல்லிவிட்டால் அவரைத் தனியாக அறைக்கு அனுப்பாதீர்கள். இருவரில் ஒருவர் கூடவே இருங்கள், மற்றவர் வழிகாட்டி ஆசிரியரையோ பணியில் இருக்கும் மருத்துவரையோ கூப்பிடட்டும், அவசரப் பிரிவுக்குக் கூடவே நடந்து போங்கள்.

ஆபத்து இல்லை, மனம் மட்டும் கனத்திருக்கிறது என்றால், எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புவதோடு விடாமல் அவர் எதிரிலேயே போன் செய்து நேரம் வாங்கிக் கொடுங்கள், போகும்போது துணைக்கு வரட்டுமா என்று கேளுங்கள். மறுநாள் காலை ஒரு செய்தி அனுப்புங்கள், 'ராத்திரி தூங்கினாயா?' என்று. பதில் வராவிட்டால் நேரில் போய்ப் பாருங்கள்.